ஃபைபர் கேபிள் அறுந்தால் டேப் சுற்றி ஒட்ட முடியாதா? கனெக்டரில் இருக்கும் சூட்சுமம் இதுதான்!

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது கீரிப்பாறை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் பகுதி இது. இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு மரக்கிளை முறிந்து கேபிள் மேல் விழுந்தால் போதும், இன்டர்நெட் கட்! அறுந்த கேபிளை இணைத்துவிட்டுப் போன பிறகும் சில நேரம் நெட் விட்டு விட்டுத்தான் வரும். ஏன்? பெரும்பாலும் பிரச்னை கேபிளில் இல்லை, அதை இணைத்த இடத்தில்தான்.

ஊர் ஊராகப் போகும் ஃபைபர்

கிராம ஊராட்சிகளை ஃபைபர் மூலம் இணைப்பதுதான் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி டான்ஃபிநெட் நிறுவனத்திடம் உள்ளது. இதற்கான கேபிள் பதிக்கும் பணி 2022 மார்ச் மாதம் தொடங்கி வைக்கப்பட்டதும் இதே குமரி மாவட்டத்தில்தான், முத்தலக்குறிச்சி ஊராட்சியில். மின்கம்பங்கள் வழியாகவும் கேபிள் போவதால் காற்று, மழை, மரம் என எது வந்தாலும் அடி விழும். அறுவதும் இணைப்பதும் தொடர்கதைதான்.

ஏன் முறுக்கி ஒட்ட முடியாது?

செம்பு ஒயரில் இரண்டு முனையும் தொட்டாலே கரன்ட் பாயும். ஃபைபரில் பாய்வது ஒளி. அந்தக் கண்ணாடி இழையின் மொத்தத் தடிமனே 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் ஒளி போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசு! இரண்டு முனைகளின் நடுப்பகுதியும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஒளி வெளியே சிதறிவிடும்.

இணைக்க இரண்டு வழி

ஸ்பிளைசிங்: இரண்டு முனைகளையும் நேராக வெட்டி, மெஷினில் வைத்து, மின்பொறியால் உருக்கி ஒன்றாக்குவது. இது நிரந்தர இணைப்பு. சரியாகச் செய்தால் இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு. வழியில் அறுந்த கேபிளை இப்படித்தான் இணைப்பார்கள்.

கனெக்டர்: கழற்றி மாட்டும் இடங்களுக்கு இது. உங்க மோடத்தில் செருகியிருக்கும் சதுர முனையைப் பாருங்க. அதன் பெயர் எஸ்சி. அதற்குள் 2.5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வெள்ளைப் பீங்கான் குழாய் இருக்கும். கண்ணாடி இழையை நடுவில் பிடித்து நேராக நிறுத்துவது அதுதான். டேட்டா சென்டர்களில் இதைவிடச் சிறிய எல்சி வகை அதிகம். அதன் குழாய் 1.25 மில்லிமீட்டர். கனெக்டரில் வழக்கமான இழப்பு 0.2 முதல் 0.5 டெசிபல் வரை.

நீலமா, பச்சையா?

நிறம் அழகுக்காக இல்லை. நீல கனெக்டரின் முனை நேராகத் தேய்க்கப்பட்டிருக்கும். பச்சையில் 8 டிகிரி சாய்வாக இருக்கும். ஒளி பட்டுத் திரும்பி வந்து தொல்லை தராமல் இருக்கத்தான் இந்தச் சாய்வு. நீலத்தைப் பச்சையில் செருகினால் உள்ளே போய் உட்காரும், ஆனால் முனைகள் முழுசாக ஒட்டாது. நடுவில் காற்று இடைவெளி விழுந்து சிக்னல் குறைந்துவிடும்.

ஒரு மோசமான ஜாயின்ட் = 3 கிலோமீட்டர்

வீடுகளுக்கு வரும் ஜிபான் இணைப்பில் பொதுவாக 28 டெசிபல் வரைதான் இழப்பு தாங்கும். ஒரே இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரிலேயே சுமார் 17 டெசிபல் போய்விடும். மிச்சம் 11. நல்ல ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் இழப்பு சுமார் 0.35 டெசிபல். அப்படியென்றால் தூசி படிந்த ஒரு கனெக்டர் 1 டெசிபலைத் தின்றால், அது கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் கேபிளுக்குச் சமம்!

அறுந்த இடத்தில் புதுத் துண்டு சேர்த்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு ஜாயின்ட் கூடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளியிருக்கும் மலையோர ஊர்களில் தூரத்துக்கே கணிசமான சிக்னல் செலவாகிவிடும். அங்கே அவசரத்தில் போட்ட ஒரே ஒரு ஜாயின்ட் பல வீடுகளின் நெட்டைப் பாதிக்கும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* மோடத்தில் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். ரீசார்ஜ் பிரச்னை இல்லை. புகார் கொடுக்கும்போது இதைச் சொல்லுங்க.
* கனெக்டர் முனையை விரலால் தொடாதீங்க, வாயால் ஊதாதீங்க. கழற்றினால் உடனே மூடி போடுங்க.
* மஞ்சள் அல்லது வெள்ளை ஒயரை இறுக்கி மடித்து ஆணியில் மாட்டாதீங்க. வளைவிலும் ஒளி கசியும்.
* முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.
* பழுது பார்க்க வருபவரிடம் பவர் மீட்டரில் அளவு காட்டச் சொல்லுங்க. பொதுவாக மைனஸ் 27-க்குக் கீழே போயிருந்தால் இணைப்பு இன்னும் சரியாகவில்லை. அவரை அனுப்புவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது.