ஓசூர் டூ கிருஷ்ணகிரி சைக்கிள் ரைடு: திரும்பி வந்ததும் என்ன குடிக்கணும், என்ன சாப்பிடணும்?

ஞாயிறு அதிகாலை ஓசூரில் சைக்கிளை எடுத்தால், தேசிய நெடுஞ்சாலை 44-ல் சூளகிரி வழியாக கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். போகும்போது சுகமாகத்தான் இருக்கும். ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி 500 மீட்டர் அளவில். சிரமம் எல்லாம் திரும்பி வரும்போதுதான். இறங்கிய உயரத்தை முழுசாக, அதுவும் ஏறு வெயிலில், மிதித்தே ஏறணும்.

வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணி, ஒரு டீ, அப்படியே தூக்கம் என்று பலரும் முடித்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, மறுநாள் காலை ஷிப்டில் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருப்பது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான்.

தாகமே எடுக்கலையே, அப்புறம் ஏன் குடிக்கணும்?

ஓசூரின் குளிர்ந்த காற்று ஏமாற்றும். சைக்கிளில் போகும்போது முகத்தில் அடிக்கும் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடும். சட்டை நனையாததால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும். உண்மையில் எவ்வளவு நீர் போனது என்று தெரிய ஒரு எடை மெஷின் போதும். கிளம்பும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால், அடுத்த சில மணி நேரத்தில் 1.25 முதல் 1.5 லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். குடிப்பதில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும் என்பதால்தான் இந்தக் கூடுதல் கணக்கு.

வெறும் தண்ணீர் மட்டும் போதுமா?

போதாது. வியர்வையில் உப்பும் போகிறது. ஆளுக்கு ஆள் மாறினாலும், ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் 1 கிராம் சோடியம் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது ஏறக்குறைய அரை டீஸ்பூன் உப்பு. அதை ஈடுகட்டாமல் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டல், குழப்பம் வரை போகலாம்.

உப்பு போட்ட நீர்மோர், எலுமிச்சை ஜூஸில் உப்பும் சர்க்கரையும் இந்த வேலையைச் செய்துவிடும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. கூடவே உப்பு சேர்ந்த எதையாவது சாப்பிடணும். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது.

கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்கும்போது கவனம் தேவை. அந்தப் பெயரோடு விற்ற பல டெட்ரா பேக் பானங்களில் சர்க்கரைதான் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் கிடைக்கும் பொடி பாக்கெட்டை, அதில் சொன்ன அளவு தண்ணீரில் கலக்குவதே சரி.

ராகி களி எப்படி உதவும்?

நீண்ட நேரம் மிதிக்கும்போது தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்து கரைகிறது. மறுநாளும் சைக்கிள் எடுக்கணும் அல்லது கடின வேலைக்குப் போகணும் என்றால், முதல் ஒரு மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1 கிராம் மாவுச்சத்து போய்ச் சேர வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 கிராம். 100 கிராம் ராகி மாவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் களி, அத்திப்பள்ளி தாண்டினால் முத்தே. பெயர்தான் வேறு, உருண்டை ஒன்றுதான்.

ஆனால் களி மட்டும் போதாது. தேய்ந்த தசையைச் சரிசெய்ய ஒரு வேளைக்குச் சுமார் 20 கிராம் புரதம் வேணும். அந்த 100 கிராம் மாவில் இருப்பது 7 கிராம்தான். மீதியைக் குழம்பில்தான் தேடணும். மொச்சைக் குழம்பு, கொள்ளுக் கடையல், கோழிக் குழம்பு எதுவானாலும் சரி, கூட ரெண்டு முட்டை வைத்தால் 12 கிராம் வந்துவிடும். வெறும் களியும் மிளகாய் சட்னியும் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். இப்படிச் சாப்பிடுபவருக்கு டப்பா புரோட்டீன் பவுடர் தேவையே இல்லை.

ராகியில் நார்ச்சத்து அதிகம், செரிக்க நேரம் பிடிக்கும். அதனால் வந்ததும் மோரும் ரெண்டு வாழைப்பழமும், குளித்து முடித்து அரை மணி கழித்துக் களி. சாப்பாடு இறங்காத வெயில் நாளில் மோர் கரைத்து உப்பு போட்ட கூழ் நல்ல வழி. தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே சொம்பில். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி ரோட்டோரத்தில் உப்பு, மிளகாய்த்தூள் தூவித் தரும் பெங்களூரா மாங்காய்த் துண்டும் கொஞ்சம் கைகொடுக்கும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இனிப்பும் உப்பும் டாக்டர் சொன்ன அளவில்தான்.

சிப்காட்டுக்கு சைக்கிளில் போகிறவர்களுக்கும் இதெல்லாம் வேணுமா?

அரை மணி நேரப் பயணத்துக்குத் தனி உணவு எதுவும் வேண்டாம், வழக்கமான சாப்பாடும் தண்ணீரும் போதும். சூளை, வார்ப்புப் பட்டறை மாதிரி சூடான இடத்தில் வேலை பார்ப்பவர்கள் கதை வேறு. சைக்கிளில் ஏறும் முன்பே அவர்களுக்கு லிட்டர் கணக்கில் வியர்த்திருக்கும். நைட் ஷிப்ட் முடித்து கேட்டுக்கு வெளியே டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு மிதித்துப் போய்ப் படுத்தால், அடுத்த வேளை சாப்பாடு மதியத்தில்தான். கிளம்பும் முன்பே உப்பு மோர், படுக்கும் முன் நாலு இட்லியும் சாம்பாருமாவது சாப்பிட வேண்டும். டீயில் தப்பில்லை, அதுவே சாப்பாடாகிவிடக் கூடாது. உடம்பு வலிக்குது என்று மது அருந்துவது நீரிழப்பைக் கூட்டும், தசை ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் பிரச்சினை இல்லை. அடர் மஞ்சள் என்றால் இன்னும் குடிக்கணும். கோலா நிறத்தில் போனால் தசை சிதைவாக இருக்கலாம், உடனே டாக்டரைப் பார்க்கணும். உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, ஆள் நினைவு தடுமாறுகிறார் என்றால் அது வெப்ப வாதம். வாயில் எதையும் ஊற்றாமல், நிழலில் படுக்க வைத்து உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.