கொப்புள ஈக்கள்

கொப்புள ஈக்கள் செசிடோமையிடே குடும்பத்தைச் சேர்ந்த மிகச் சிறிய ஈக்கள். பெரும்பாலானவை 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். சில பூஞ்சையைத் தின்பவை. பல, செடிகொடிகளில் கொப்புளம் எனப்படும் முடிச்சும் வீக்கமும் உண்டாக்கி அதற்குள் புழுவாக வளர்பவை.

இவற்றுள் ஒன்றைத் தமிழக உழவர் நன்கறிவர். நெற்குருத்தைத் தந்தம்போல் வெளிறிய குழலாக்கிவிடுவதால் அதற்கு ஆனைக்கொம்பன் என்று பெயர். ஈயைப் பார்த்து வைத்த பெயரன்று. அது செய்த வேலையைப் பார்த்து வைத்தது. ஆய்வாளர்களும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போனார்கள். முதிர்ந்த ஈ ஓரிரு நாளே வாழும், வலையில் சிக்கினாலும் சிதைந்துவிடும். ஆகவே வீங்கிய தண்டையோ மொட்டையோ பறித்து, புட்டியில் அடைத்து, ஈ வெளிவரும்வரை காத்திருப்பார்கள். பிறகு உடலைக் காரத்தில் ஊறவைத்துத் தெளியச்செய்து, கண்ணாடி வில்லையில் பதித்து, உணர்கொம்பின் கணுக்கள், சிறகு நரம்புகள், ஆணின் பிறப்புறுப்பு ஆகியவற்றை நுண்ணோக்கியில் ஒப்பிடுவார்கள்.

இந்திய இனங்களை 1930களிலிருந்து வரிசையாக விவரித்தவர் தஞ்சாவூரில் பிறந்த எம். எஸ். மணி (1908–2003). இமயமலைப் பூச்சிகளுக்காகவே அவரை அதிகம் நினைவுகூர்கிறார்கள். கொப்புளங்களில் அவர் செய்த வேலை அதற்குச் சற்றும் குறைந்ததன்று. கோவைக்கொடித் தண்டை வீங்கச்செய்யும் நியோலேசியோப்டெரா செபலாண்ட்ரே, புங்கம்பூவைக் கொப்புளமாக்கும் அஸ்போண்டிலியா பொங்கேமியே, முருங்கை மொட்டைக் கெடுக்கும் ஸ்டிக்டோடிப்ளோசிஸ் மோரிங்கே ஆகியவை அவர் பெயரிட்டவை. கடைசிப் பெயரில் ஒலிப்பது நம் முருங்கைதான். அவருடைய 'இந்தியத் தாவரக் கொப்புளங்கள்' என்ற ஆங்கில நூல் 1973இல் வெளிவந்தது.

சென்னை மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் மாசிக்காயும் கொப்புளமே. ஆனால் அதை உண்டாக்குவது ஈயன்று, ஓக் மரத்தில் முட்டையிடும் ஒரு குளவி.

ஈக்களிலேயே மிகச் சிறியவை வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. தாய்லாந்தில் கிடைத்து 2012இல் பெயரிடப்பட்ட யூரிப்ளாட்டியா நானக்நிஹாலி 0.4 மில்லிமீட்டர்தான். இன எண்ணிக்கையில் முந்துபவை கொப்புள ஈக்களாக இருக்கலாம். பெயர் பெற்றவை ஆறாயிரத்துக்கு மேல். கனடாவில் மரபணுத் துணுக்குகளை வைத்துப் பூச்சியினங்களை எண்ணிய 2016ஆம் ஆண்டு ஆய்வோ, இக்குடும்பத்தில் உலகெங்கும் 18 லட்சம் இனங்கள் இருக்கலாம் என்று கணித்தது.

அடையாறு பக்கம் காலிமனை வேலியில் படர்ந்த கோவைத் தண்டில் வீக்கம் தென்பட்டால், பறித்து, மெல்லிய துணியால் வாய்கட்டிய புட்டியில் இட்டுப் பார்க்கலாம். ஈக்குப் பதில் சின்னஞ்சிறு குளவி வெளிவந்தாலும் வியப்பதற்கில்லை. அது ஈயின் புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணி.