கிளிப்பிள்ளைகள் அல்லர்

உடன் உழைப்பவரின் பேச்சை மேலிடத்தில் எடுத்துரைப்பவனைக் கோள்சொல்லி என்று ஒதுக்கிவிடுதல் எளிது. திருநூலும் புறங்கூறுதலைக் கடிந்தே பேசுகின்றது. ஆயினும் லேவியர் நூலின் 19ஆம் அதிகாரத்து 16ஆம் வசனத்தைச் சற்று நின்று வாசிப்போர் ஒன்றைக் காண்பர். புறங்கூறித் திரிவதை விலக்கும் அதே வசனம், அயலானின் இரத்தப்பழிக்கு உடன்படுவதையும் விலக்குகின்றது. இரண்டையும் ஒரே மூச்சில் கைக்கொள்ளுவது எங்ஙனம்? 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் துறவி ஒருவர் இவ்வினாவை நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது. அவர் பெயர் பெர்னார்தினோ தெ மினாயா. தொமினிக்கன் சபையைச் சார்ந்தவர்.

யாருடைய பேச்சை அவர் எதிர்த்தார் என்பதே இவ்வரலாற்றில் நம்மை வருத்துவது. தொமிங்கோ தெ பெதான்சோஸ் தீயவர் அல்லர். அதே சபையின் துறவி, 1526இல் மெக்சிக்கோ சென்றடைந்த முதல் தொமினிக்கன் குழுவினருள் ஒருவர், கடுந்தவசி. குவாத்தமாலாவின் ஆயர் பதவி தம்மைத் தேடிவந்தபோது அதை ஏற்க மறுத்தவர். பூர்வகுடியினரின் காவலர் என்று உலகம் போற்றும் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் 1522இல் தொமினிக்கன் சபையில் சேர்வதற்குத் தூண்டுதலாய் அமைந்ததும் இவருடைய அறிவுரையே.

அத்தகையவர்தாம் பூர்வகுடி மக்களைப் பற்றி இண்டீஸ் ஆலோசனை மன்றத்தில் கருத்துரைத்தார். அமெரிக்காவில் ஸ்பெயினுக்கு உட்பட்ட நிலப்பகுதிகளைப் பேரரசரின் பெயரால் ஆண்டுவந்த மன்றம் அது. அம்மக்கள் விலங்கு போன்றவர். அவர்தம் பாவங்களுக்காகக் கடவுள் அவர்களுக்கு அழிவைத் தீர்ப்பிட்டுவிட்டார். எல்லாரும் மடிந்தே போவர் என்பது அவருடைய கருத்தின் சாரம். பெரியம்மையும் கொடிய உழைப்பும் அம்மக்களை ஊர் ஊராக மாய்த்துக்கொண்டிருந்த காலம் அது. மனிதர் செய்த கொடுமையின் விளைவைக் கடவுளின் தீர்ப்பு என்று ஒரு தவசி சொல்லிவிட்டால், அடிமைகளை விரும்பிய குடியேறிகளுக்கு வேறென்ன வேண்டும்? பூர்வகுடியினரை அடிமையாக்குவதை 1530இல் தடைசெய்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ், 1534இல் அத்தடையை நீக்கிவிட்டார்.

‘வெறும் பேச்சுதானே’ என்பார் உண்டு. தெருமுனையில் பேசப்படுவது வெறும் பேச்சாய் இருக்கலாம். ஆளுகின்றவரின் செவியில், நம்பத்தக்கவர் ஒருவரால் சொல்லப்படுவது ஒருபோதும் வெறும் பேச்சு அன்று.

மெக்சிக்கோவிலிருந்த பிரான்சிஸ்கன் துறவியர் சிலர் 1533இலேயே இத்தகைய கருத்துகளை மறுத்துப் பேரரசருக்கு மடல் எழுதினர். மினாயா நேரிலேயே சென்றார். மன்றத்தின் தலைவர் கர்தினால் கார்சியா தெ லோவாய்சா. அவரும் தொமினிக்கன் துறவியே. முன்னர்ச் சபையின் பெருந்தலைவராகவும் விளங்கியவர். ஒரே குடும்பத்துப் பிள்ளை, குடும்பத்து மூத்தவரிடம், குடும்பத்து மற்றொருவரைப் பற்றி முறையிடும் நிலை. பிற்காலத்தில் மினாயாவே எழுதிவைத்த விண்ணப்பத்தின்படி, கர்தினால் அவருடைய முறையீட்டை ஏற்கவில்லை. பூர்வகுடியினர் கிளிகளுக்கு மேலானவர் அல்லர் என்றும், பெதான்சோஸ் சொன்னதையே தாம் நம்புவதாகவும் கூறி அனுப்பிவிட்டார்.

பெரும்பாலோர் இந்த இடத்தில் வீடு திரும்பியிருப்பர். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்று மனச்சான்றும் ஓய்ந்திருக்கும். மினாயா உரோமைக்குப் புறப்பட்டார். பேரரசி இசபெல்லாவின் பரிந்துரை மடல் அவருக்குக் கிட்டியது. திலஸ்காலாவின் முதல் ஆயரான ஹூலியான் கார்சேஸ் என்னும் முதியவர் திருத்தந்தைக்கு இலத்தீனில் வரைந்த நீண்ட மடலும் துணைநின்றது. பூர்வகுடிச் சிறார் எத்துணை விரைவாகக் கற்கின்றனர் என்பதை அம்மடலில் தாம் கண்டவாறே கார்சேஸ் விவரித்திருந்தார். இவ்வழக்கில் அதைவிட வலுவான சான்று இல்லை என்பது என் கருத்து. கிளி என்று சொன்னவர் ஸ்பெயினில் இருந்தார். குழந்தைகளோடு வாழ்ந்தவர் திலஸ்காலாவில் இருந்தார்.

1537ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், திருத்தந்தை மூன்றாம் பவுல் ‘சுப்லிமிஸ் தேயுஸ்’ என்னும் ஆணைமடலை வெளியிட்டார். பூர்வகுடியினர் உண்மையான மனிதர். விசுவாசத்தை ஏற்க வல்லவர். கிறித்தவராகாத நிலையிலும் அவர்தம் உரிமை வாழ்வும் உடைமையும் பறிக்கப்படலாகாது என்று அது அறிவித்தது. அவர்களை ஊமை விலங்குகளாக நடத்தலாம் என்னும் பேச்சு மனுக்குலத்தின் பகைவனிடமிருந்து வந்தது என்றும் கடிந்துரைத்தது. கவனியுங்கள்: பேச்சு எடுத்துக்காட்டப்படுகின்றது, பேசியவரின் பெயர் அம்மடலில் எங்கும் இல்லை. கோளுக்கும் சான்றுக்கும் உள்ள தொலைவு இங்கே நமக்குப் புலப்படும். கோள்சொல்லிக்கு ஓர் ஆள் வீழ வேண்டும். சான்று பகர்பவனுக்கு ஒரு பொய் வீழ்ந்தால் போதும்.

கோள்சொல்லிக்குப் பரிசு கிடைப்பதும் உண்டு. மினாயாவுக்குக் கிடைத்ததோ தண்டனை. தம்மைக் கடந்து உரோமைக்குச் சென்றதைப் பேரரசர் பொறுக்கவில்லை. சபைத் தலைமையின் ஆணையால் மினாயா துறவு மடமொன்றில் அடைத்துவைக்கப்பட்டார்; பின்னர் வயதோலித் நகரச் சிறைக் கைதிகளிடையே பணியாற்றினார். அடிமைப்படுத்துவோரைத் திருச்சபையினின்று விலக்கும் வேறொரு மடலையும் திருத்தந்தை 1537 மே மாத இறுதியில் விடுத்திருந்தார். பேரரசரின் நெருக்குதலுக்கு இணங்கி, 1538 ஜூனில் அதை அவரே செல்லாததாக்க நேரிட்டது.

பெதான்சோஸ் நெடுங்காலம் வாழ்ந்தார். 1549 செப்டம்பரில், வயதோலித் நகரத்துப் புனித பவுல் மடத்தில் மரணப் படுக்கையில் கிடந்தபோது, எழுத்தரையும் சாட்சிகளையும் வரவழைத்தார். பூர்வகுடியினரைப் பற்றி மன்றத்தில் தாம் சொன்னவற்றை மறுத்தார். அவற்றுக்கு எவரும் மதிப்பளிக்க வேண்டாம் என்று எழுதச்செய்து கையொப்பமிட்டார். அம்மறுப்பு மன்றத்திற்கு அனுப்பப்பட்டது. ஆனால் அவர் சொல்லை நம்பிய லோவாய்சா 1546லேயே இறந்துவிட்டிருந்தார்.

மறு ஆண்டு, அம்மடத்தை அடுத்திருந்த புனித கிரகோரியார் கல்லூரியில், பூர்வகுடியினர்மேல் போர் தொடுத்து அவர்களை அடிப்படுத்துவது முறையா என்று பேரரசரின் ஆணையால் ஒரு விவாதம் கூடிற்று. முறையே என்று வாதாடினார் அறிஞர் செபூல்வேதா. எதிர்த்து வாதாட எழுந்தவர், முன்னாளில் பெதான்சோசின் அறிவுரை கேட்டுத் துறவறம் பூண்ட லாஸ் காசாஸ்.