சிதறிய சங்கம் மீண்டும் கூடிய வரலாறு

ஒரு சங்கத்தைத் தோற்றுவிப்பது அத்துணை அரிய செயலன்று. தோன்றிய சங்கம் தளர்ந்து, உறுப்பினர் சிதறி, பெயர் மட்டும் எஞ்சி நிற்கும் வேளையில் அதனை மீண்டும் உயிர்ப்பிப்பதே அரிய செயல். நம் மலைநாட்டுப் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் இவ்வாறு பெயரளவில் நிற்கும் மன்றங்கள் பல. தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற பதவிகள் உண்டு. ஆண்டுக்கொரு விழாவும் உண்டு. இடைப்பட்ட மாதங்களில் மன்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடையில்லை. "இக்காலத்து இளைஞருக்கு அக்கறை இல்லை" என்று கூறி ஆசிரியர்களாகிய நாம் ஒதுங்கிவிடுகிறோம்.

இந்த விடை சரியானதுதானா? சங்கம் தளர்வதற்கும் எழுவதற்கும் மனிதரின் அக்கறை ஒன்றுதான் காரணமா? மலையகத்தின் வரலாறே இக்கேள்விக்கு விடை கூறும். 1931இல் ஹட்டனில் எழுந்து, சில ஆண்டுகளில் தளர்ந்து, 1940 அளவில் வேறொரு வடிவில் மீண்டெழுந்த தோட்டத் தொழிலாளர் சங்க இயக்கத்தை இந்நோக்கில் ஆராய்வோம்.

கோ. நடேசய்யர் 1920ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பகுதியிலிருந்து இலங்கை வந்தவர். அந்நாளில் தேயிலைத் தோட்டம் ஒரு தனி அரசு. துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் உள்ளே கால்வைக்க இயலாது. வைத்தால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் சாட்டப்படும். ஆகவே அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலையகம் நன்கறிந்த செய்தி. கடன்பட்ட தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் கங்காணியின் பிடி தளரவில்லை. ஆள்களைக் கொணர்ந்தவனும் அவனே, கடன் கொடுத்தவனும் அவனே, துரையிடம் தொழிலாளிக்காகப் பேசியவனும் அவனே. தொழிலாளியின் குறை கங்காணியைத் தாண்டி வெளியே செல்ல வழியில்லாத அமைப்பு அது.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் பணியாற்றிய நடேசய்யர், 1920களின் இறுதியில் அவருடன் முரண்பட்டுப் பிரிந்தார். இந்தியத் தொழிலாளருக்கெதிரான உணர்வு அந்த இயக்கத்தில் வளர்ந்தமையே பிரிவுக்குக் காரணம். பின்னர் ஹட்டனை நடுவாகக் கொண்டு 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் பாடல்கள் இயற்றிக் கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாத பெண்கள் நிறைந்த கூட்டத்துக்கு அப்பாடல்களே துண்டுப்பிரசுரமும் பத்திரிகையுமாயின.

தொடக்கம் சிறப்பாயிருந்தது, நிலைபேறு கிட்டவில்லை. 1930களின் நடுப்பகுதிக்குள் சம்மேளனம் மெலிந்துவிட்டது. தொழிலாளரிடம் அக்கறை குன்றியமையா இதற்குக் காரணம்? இல்லை.

முதலாவது காரணம் உலகப் பொருளாதார மந்தம். தேயிலை விலை வீழ்ந்தது. 1927ஆம் ஆண்டின் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலியும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. வேலையின்றி ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திரும்பினர். வயிறு காயும் காலத்தில் சந்தா எங்கிருந்து வரும்? இரண்டாவது, சட்டப் பாதுகாப்பின்மை. தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யும் சட்டமே 1935இல்தான் இயற்றப்பட்டது. சங்கத்தில் சேர்ந்தவனிடம் துரை பத்துச்சீட்டை நீட்டினால், அவன் வேலையை மட்டுமன்றித் தான் குடியிருந்த லயத்து அறையையும் அன்றே இழந்தான். மூன்றாவது, சங்கத்தின் அமைப்பிலேயே இருந்த குறை. தோட்டந்தோறும் நிலையான குழுக்கள் வேரூன்றவில்லை. நடேசய்யர் வந்தால் கூட்டம் கூடிற்று, சென்றால் கலைந்தது. ஒரு மனிதரின் ஆற்றலில் நின்ற சங்கம் அவரால் எத்தனை தோட்டங்களுக்குச் செல்ல முடிந்ததோ அத்தனை தோட்டங்களில் மட்டுமே வாழ முடிந்தது.

1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர் அங்கும் தொழிலாளருக்காக அயராது வாதாடினார். ஆனால் சபையில் ஒலித்த குரல் லயத்திலிருந்த கிளையை உயிர்ப்பிக்கவில்லை. 1947இல் அவர் காலமானார். அவர் இட்ட விதையின் பயனை வேறு கைகளே அறுவடை செய்தன.

அவ்விதை முளைத்தது எவ்வாறு? முதலில் அச்சம் உடைய வேண்டியிருந்தது. 1936இல் மாதுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் பணி பழக வந்த பிரேஸ்கேடில் என்னும் ஆஸ்திரேலிய இளைஞர் துரைமாரின் கொடுமையைக் கண்டு இலங்கைச் சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடைபெற்ற கூட்டத்தில், கமலாதேவி சட்டோபாத்யாய பேசிய அதே மேடையில் தோன்றித் துரைமாரைக் கண்டித்தார். தேசாதிபதி அவரை நாடுகடத்த ஆணையிட்டார். உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாதென்றது. துரையும் தேசாதிபதியும் தோற்கக்கூடியவர்களே என்பதை மலைநாடு அப்போது கண்டது.

1939 ஜூலையில் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கம் அமைந்தது. இதே வேளையில் சமசமாஜிகளின் தோட்டத் தொழிலாளர் சங்கமும் களத்தில் இருந்தது. 1940 ஜனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். விசாரணைக் குழுவின் முன் அவருடைய மனைவிக்காக வாதிட்டவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவ்வாண்டே ஊவாவின் வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த குழு ஒன்று துரையின் முன் நின்றது. வேலைநிறுத்தங்கள் மலைதோறும் பரவின. ஆண்டு முடிவதற்குள் 'ஏழு அம்ச உடன்படிக்கை' ஏற்பட்டது. தொழிற்சங்கத்தைப் பேசுதற்குரிய தரப்பாகத் துரைமார் சங்கம் ஏற்க வேண்டியதாயிற்று.

1931க்கும் 1940க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பொருளாதார நிலை சற்றுத் திருந்தியிருந்தது, சட்டம் இருந்தது, அரசியல் ஆதரவும் இருந்தது. இவை புறக்காரணங்கள். அகக்காரணம் ஒன்றுண்டு. அதுவே தோட்டக் கமிட்டி.

தோட்டக் கமிட்டியின் தலைவர் வெளியூரிலிருந்து வருபவரல்லர். அவர் லயத்தில் குடியிருப்பவர். விடியலில் பிரட்டுக்களத்தில் மற்றவர்களோடு நிற்பவர். மலையில் தாமும் கவ்வாத்து வெட்டுபவர். ஒரு பெண்ணின் கொழுந்து நிறுவையில் குறைக்கப்பட்டதா, ஒருவனுக்கு அரைப்பேர் போடப்பட்டதா, உடனே அவருக்குத் தெரியும். சிறு குறையொன்றைக் கமிட்டி தீர்த்து வைத்தபோது சங்கத்தின் மீது நம்பிக்கை பிறந்தது. அந்நம்பிக்கையால் சந்தா சேர்ந்தது. சந்தாவால் காரியாலயம் நடந்தது. பெரிய கங்காணி வகித்த இடத்தில் தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஒருவர் வந்து நின்றமையே அக்கால மலையகத்தின் பெரிய சமூக மாற்றம் எனலாம். சங்கம் மேலிருந்து தொங்காமல் கீழிருந்து எழுந்தது.

இதன் வலிமையை 1947ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல் காட்டிற்று. இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. தலவாக்கலையில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திலேயே பிறந்து, கல்வி கற்று, ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கியவர். அவ்வலிமையைக் கண்டஞ்சிய ஆளும் வர்க்கம் 1948இன் குடியுரிமைச் சட்டத்தாலும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டத்தாலும் அம்மக்களின் வாக்கைப் பறித்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. நாடற்றோர் என்ற நிலை சட்டத்தில் முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்கில்லாத அந்நெடுங்காலத்தில் அவர்களிடம் எஞ்சிய ஒரே ஆயுதம் சங்கமே.

அச்சங்கமும் குறையற்றதாக நிற்கவில்லை என்பதை ஒளிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. தலைமைப் போட்டியால் இயக்கம் பிளந்து, 1956 அளவில் அசீசின் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தனித்து நின்றது. தொழிலாளியிடம் நேரில் சென்று சந்தா பெறும் பழக்கம் மறைந்தது. நிர்வாகமே சம்பளத்திலிருந்து கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் வழக்கம் பல்லாண்டு நிலவிற்று. வசதியான ஏற்பாடுதான். ஆனால் மாதந்தோறும் லயத்து வாசலில் நின்று, "சங்கம் எங்களுக்கு என்ன செய்தது?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் கடமையும் அதனோடு மறைந்தது. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்களாயிருந்தும் சங்க மேடைகளில் அவர்களுக்குக் கிடைத்த இடம் சிறிதே.

இவ்வரலாற்றில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்குண்டு. 1960களில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் பணியாற்றிய இர. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் முதலிய ஆசிரியர்கள் ஒரு தலைமுறை மாணவரைச் சிந்திக்கவும் எழுதவும் பேசவும் பழக்கினர். 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல்லைக் கேட்டுத் தலைகுனிந்த இளைஞர், தம்மை 'மலையகத்தான்' என்று தலைநிமிர்ந்து கூறத் தொடங்கிய காலம் அது. வகுப்பறைக்கும் லயத்துக்கும் இடையே அவர்கள் ஒரு பாதையிட்டனர்.

2023இல் மலையக மக்கள் தம் இருநூறாண்டு வரலாற்றை நினைந்து மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தனர். அந்நடையில் விழித்த உணர்வு அன்றாட அமைப்பாக மாறாவிடின், அதுவும் ஆண்டு விழாப் போல் கடந்துவிடும்.

ஆகவே நண்பர்களே, நம் மன்றங்கள் சோர்ந்து கிடக்குமாயின் இளைஞரைப் பழிப்பதை விடுத்து மூன்று கேள்விகளைக் கேட்போம். உறுப்பினரின் அன்றாடக் குறை எதனையேனும் இம்மன்றம் தீர்த்ததா? தலைவர் ஒருவர் விலகினால் நடத்துதற்கு நால்வராவது பயிற்றப்பட்டுள்ளனரா? மாணவியருக்கு இங்கே வரவேற்புரைப் பணி மட்டுந்தானா, முடிவெடுக்கும் உரிமையும் உண்டா?

லயத்தில் விளக்கில்லாத மாணவனுக்கு மாலையில் படிக்க ஓர் அறை. பரீட்சைக் கட்டணம் கட்டவியலாதவனுக்கு ஒரு சிறு நிதி. வாரம் ஒரு நூலைக் கூடிப் படிக்கும் ஒரு வட்டம். மன்றத்தை மீண்டும் கட்ட இவை போதிய தொடக்கம். பேச்சுப்போட்டிக் கேடயங்கள் பின்னர் வரட்டும். தோட்டக் கமிட்டிகளை அமைத்த நம் பாட்டன்மாரில் பலருக்குக் கையெழுத்திடவும் தெரியாது. அவர்கள் பெருவிரல் ரேகையிட்டு எழுப்பிய சங்கம் துரைமாரைப் பேச்சு மேசைக்கு அழைத்து வந்தது. எழுத்தறிந்த நம்மால் ஒரு மாணவர் மன்றத்தை உயிரோடு வைத்திருக்க முடியாதென்று சொல்ல நமக்கு நியாயமில்லை.