குடியிருந்த மனை சொந்தமான வரலாறு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றின்படி, ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் இடம்பெற வேண்டுமானால், வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலத்தோடு, சொந்த மனையில் கட்டிய வீடும் ஒருவருக்கு இருக்க வேண்டும். தேர்தல் முறையை வியந்து பேசுவோர் பெரும்பாலும் கடந்துபோகும் நிபந்தனை இது. மனையில்லாதவருக்கு அந்தச் சபையில் இடமில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது; ஊர் நிலத்தின் மீது பரம்பரை உரிமை தரும் மிராசு முறை ஆழ வேரூன்றிய மாவட்டம் அது. சேரியின் மனைக்கட்டுகளும் தங்களுடையவையே என்றனர் மிராசுதார்கள். கூலி உயர்த்திக் கேட்ட படியாளுக்கு (பண்ணையாளுக்கு) வேலையோடு குடிசையும் பறிபோகும் நிலை. ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்தக் கொடுமையை அரசின் முன் வைத்தது. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கான பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு ஆணை பிறந்தது. ஆனால் குடிசை நின்ற மண் பிறருடையதாகவே நீடித்தது.

காமராசர் ஆட்சியில் 1961இல் வந்த சட்டம், பிறர் மனையில் குடியிருப்போரை வெளியேற்றுவதைத் தடுத்தது. உடைமை தரவில்லை. அண்டை மாநிலமான கேரளம் ஒரு படி முன்னே சென்றது. 1970 முதல் அங்கே குடிகிடப்புக்காரர், அதாவது பிறர் நிலத்தில் குடிசையில் வாழ்ந்தவர், தம் குடிசையையும், கிராமமாக இருந்தால் 10 சென்ட் நிலத்தையும் சந்தை மதிப்பில் கால் பங்கு விலைக்கு வாங்க முடிந்தது. உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்திருந்தவரின் மனையானால் அரைக்கால் பங்கு போதும். அதிலும் பாதியை நல நிதி ஏற்றது. மீதியைப் பன்னிரண்டு ஆண்டுத் தவணைகளில் கட்ட முடிந்தது.

தமிழ்நாடு விலையையே கேட்கவில்லை. கருணாநிதி ஆட்சியில் இயற்றப்பட்ட 1971ஆம் ஆண்டுக் குடியிருப்பு உடைமைச் சட்டப்படி, அவ்வாண்டு ஜூன் 19 அன்று பிறர் மனையில் வாடகைக்கோ அனுமதி பெற்றோ குடியிருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்த மனை எந்த வில்லங்கமும் இன்றி முழு உரிமையாயிற்று. கூலிப் பேச்சில் குடிசையைக் காட்டி மிரட்டும் வழியை அடைத்ததே இச்சட்டத்தின் பெரும் பயன்.

குடியிருந்தவரையே உரிமையாளராக்கியதில் உலகம் அதிகம் அறிந்த எடுத்துக்காட்டு பிரிட்டன். மார்கரெட் தாட்சர் அரசின் 1980ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளாட்சி வீடுகளில் மூன்றாண்டு வாடகைக்கு இருந்தவருக்கு அந்த வீட்டை வாங்கும் உரிமையையும் விலையில் 33 சதவீதத் தள்ளுபடியையும் தந்தது. ஆண்டுக்கு ஒரு சதவீதம் கூடி, இருபதாண்டு இருந்தவருக்கு அது 50 சதவீதமானது. விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதியவை போதிய அளவில் கட்டப்படவில்லை. வாடகை வீட்டுக்காகக் காத்திருந்த ஏழைகளே அதன் சுமையைத் தாங்கினர். ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் அவ்வுரிமையை நிறுத்திவிட்டன.

தமிழ்நாட்டில் கைமாறியது தனியார் மனை என்பதால் பொது வீடுகள் குறையவில்லை. ஆயினும் ஏற்கெனவே குடியிருந்த மனையை மட்டுமே சட்டம் தொட்டது. அங்கே பிறந்த பிள்ளைகள் தனிக்குடித்தனம் போக, இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டுத் தாசில்தார் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது.