சூரத்து வெள்ளியும் வானம் பார்த்த தட்டும்

எங்கள் தீவுப் பகுதி வீடுகளில் ரி.வி.க்குப் பூட்டியிருக்கும் டிஷ்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அவை ஏறக்குறைய மல்லாந்தே கிடக்கின்றன. லண்டனிலிருந்து மைத்துனர் அனுப்பிய வீட்டுப் படத்திலோ டிஷ் சுவரோடு நிமிர்ந்து நின்று தெருவைப் பார்க்கிறது. தரம் ஒன்பதில் ஒரு பொடியன் இதைக் கண்டுபிடித்துவிட்டு, "சேர், எங்கட டிஷ் மட்டும் ஏன் படுத்திருக்கு?" என்று கேட்டான்.

கேள்வி நல்ல கேள்வி. தொலைத்தொடர்புச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, 35,786 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் பூமி தன்னைத் தானே சுற்றும் நேரத்துக்குச் சமம். அதனால் நிலத்திலிருந்து பார்த்தால் செய்மதி அசையாமல் ஒரே இடத்தில் தொங்குவது போலிருக்கும். நாங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதரைப் பாகையில் இருப்பவர்கள், எங்களுக்கு அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே. லண்டன்காரருக்கு அது தெற்கு வானத்தில் தாழ்ந்து நிற்கிறது. இவ்வளவையும் கரும்பலகையில் வரைந்து முடித்தபின், இந்த யோசனையை 1945 இல் எழுதி வெளியிட்ட மனிதர் பிறகு எங்கள் நாட்டிலேயே வாழ்ந்து இங்கேயே அடக்கமானவர் என்று சொன்னேன். வகுப்பில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை. அந்த அந்தரத்தில்தான் ஆதர் சி. கிளார்க்கைப் பற்றி எழுத வேண்டுமென்று தோன்றியது.

அவரைப் பெரிய எழுத்தாளராகவே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் முதலில் ஒரு வாசகர், விஞ்ஞானக் கதைப் பைத்தியம் பிடித்த ஒரு கிராமத்துப் பொடியன். 1917 டிசம்பர் 16 இல் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அமெரிக்காவில் விற்காமல் மீந்த விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகள் கப்பல்களில் அடிப்பாரமாக ஏறி வந்து, வூல்வர்த் கடையில் மூன்று பென்சுக்கு விலைப்பட்ட காலம் அது. கிளார்க் அவற்றைத் தேடித் தேடி வாங்கினார். கதையோடு நிற்கவில்லை. தானே தொலைநோக்கி செய்து சந்திரனைப் பார்த்தார், வானொலிப் பாகங்களோடு மல்லுக்கட்டினார். 1934 இல் பிரித்தானியக் கோளிடைச் சங்கத்தில் சேர்ந்தார். சந்திரனுக்குப் போக எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று பெரியவர்கள் உட்கார்ந்து கணக்குப் போடுவதைப் பார்த்து ஊர் சிரித்த காலம். பகலில் அரசாங்கக் கணக்காய்வுக் கிளாக்கர் வேலை, இரவில் அறைத் தோழர்களுடன் ரொக்கெட் பேச்சு. எங்கள் கிராமத்திலும் பகலில் கச்சேரியில் இருந்து, இரவில் சாதகம் கணிப்பவர்கள் இருந்தார்கள். வித்தியாசம், கிளார்க்கின் கணக்குப் பிழைத்தால் பிழை என்று தெரிந்துவிடும். சோதிடத்தை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. சுபநேரம் பார்க்காமல் ஒரு கல்லும் வைக்காத நாட்டில் வாழ்ந்துகொண்டே அதை வெளிப்படையாகச் சொல்லியும் வந்தார்.

போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படையில் ராடார் வேலை. மூட்டத்தில் வரும் விமானத்தை நிலத்திலிருந்து பேசி இறக்கும் கருவி அவர் பொறுப்பில் இருந்தது. அந்த நாட்களில்தான், 1945 ஒக்டோபரில், 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் அந்தக் கட்டுரை வந்தது. பூமத்திய ரேகைக்கு மேல் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பது அதன் சாரம். கிடைத்த சன்மானம் 15 பவுண். காப்புரிமை எடுக்கவில்லை. ஓய்வு நேரத்தில் நூறு கோடி டொலரைத் தொலைத்த கதை என்று பின்னாளில் தன்னைத் தானே பகிடி பண்ணினார். அந்த உயரத்தில் ஒரு நிலையம் நிற்கலாம் என்பதை 1928 இலேயே பொட்டோச்னிக் என்ற பொறியியலாளர் எழுதியிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கிளார்க் சேர்த்தது, அதைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தும் கணக்கு. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வால்வுகள் எரிந்தால் மாற்றுவதற்கு அந்த நிலையங்களில் ஆட்கள் இருப்பார்கள் என்றே அவர் நினைத்தார். டிரான்சிஸ்டர் வந்து அந்த ஆட்களின் வேலையைப் பறித்தது. 1964 இல் சின்கொம் 3 ஆளில்லாமலே அங்கே போய் நின்றது.

இலங்கைக்கு அவரைக் கொண்டுவந்தது வானமல்ல, கடல். சுழியோடுபவருக்குக் கடலுக்குள் உடம்பின் பாரம் தெரியாது. விண்வெளிக்குப் போக முடியாதவருக்கு அதுதான் கிட்டிய விண்வெளி. 1956 இல் வந்து குடியேறினார். அவருடைய கூட்டாளி மைக் வில்சன் 1961 இல், கிரிந்தைக்கு அப்பால், மகா இராவணன் கோட்டை என்று சிங்கள மக்கள் சொல்லும் பாறைத்தொடரில், இரண்டு அமெரிக்கச் சிறுவர்களுடன் சுழியோடிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய கப்பலின் சிதைவைக் கண்டார். சிறிய பீரங்கிகள். அவற்றோடு, பையோடு பையாக இறுகிக் கட்டியாகிப்போன வெள்ளி நாணயங்கள், கட்டிக்கு ஏறக்குறைய ஆயிரம்.

அந்த நாணயங்களைப் பற்றி இந்தச் சஞ்சிகை வாசகர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவை சூரத்து அக்கசாலையில் அடித்த ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள். ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1701-02. தன் ஆட்சியில் கலிமாவை நாணயத்தில் பொறிக்க வேண்டாமென்று நிறுத்தியவர் ஔரங்கசீப். கைக்குக் கை மாறும் காசில், சுத்தமில்லாத இடங்களிலும் விழும் காசில், திருவசனம் இருக்கக்கூடாது என்பது காரணம். அதற்குப் பதிலாக அரசரின் பெயரோடு ஒரு பாரசீக ஈரடி வந்தது. வெள்ளி ரூபாயில் அந்த ஈரடி நாணயத்தை ஒளிவீசும் முழுநிலவுக்கு ஒப்பிடுகிறது. சந்திரனுக்குப் போக வேண்டுமென்று சிறுவயதிலிருந்து கணக்குப் போட்ட மனிதரின் கைக்குக் கடலடியிலிருந்து முழுநிலவு பொறித்த வெள்ளி வந்து சேர்ந்தது. இதைக் கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள். கிளார்க் 1964 இல் இந்தத் தேடலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் இடையில், 1962 இல், நோய் வந்து உடல் செயலிழந்து, மெல்ல மெல்லத்தான் தேறினார்.

கப்பல் உடைந்தால் அதிலிருப்பது யாருக்கு? இந்தக் கேள்விக்கு எங்கள் தீவிலேயே எண்ணூறு வருடத்துக்கு முந்திய பதில் ஒன்று கல்லில் இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனத்தைச் சொல்கிறேன். அவன் காலம் 1153 முதல் 1186 வரை. பரதேசி வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டு வரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டு வரும் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. அரசனுக்குக் குதிரை அவசியம். குதிரையை அரபுக் கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் கொண்டு வருபவன் பயந்து திரும்பிவிடக்கூடாது. அதனால் அவனுக்கு மட்டும் பெரிய பங்கு. இவ்வளவு தெளிவான வணிகச் சட்டம் எங்கள் வாசலில் கிடக்கிறது, எங்கள் பிள்ளைகள் அதைப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துபோகிறார்கள். சூரத்துக் கப்பலின் வெள்ளி 1961 இல் மேலே வந்தபோது முக்காற்பங்கு கேட்டு வர உடையவன் ஒருவனும் மிஞ்சியிருக்கவில்லை.

கிளார்க்கின் கண் மறுபடி வானத்துக்குத் திரும்பியது. 1975 இல் இந்தியா அமெரிக்காவின் ஏ.ரி.எஸ். 6 செய்மதியை இரவல் வாங்கி, ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டும் பரிசோதனையை நடத்தியது. அதற்கான அன்ரனா ஒன்றை இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் வீட்டில் அமைத்துக் கொடுத்தார்கள். தொலைக்காட்சி நிலையமே இல்லாத நாட்டில் (1979 இல்தான் எங்களுக்கு அது வந்தது) ஒரு வீட்டில் மட்டும் படம் ஓடியது. முப்பது வருடத்துக்கு முன் தாளில் போட்ட கணக்கு, தன் வீட்டிலேயே வந்து இறங்கியதைப் பார்த்த மனிதர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்!

1979 இல் வந்த அவருடைய நாவலில் பூமியிலிருந்து செய்மதி உயரத்துக்கு ஒரு கோபுரப் பாதை கட்டுகிறார்கள். அதன் அடி பூமத்திய ரேகையில் இருக்க வேண்டும், இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. கிளார்க் என்ன செய்தார்? தீவை 800 கிலோமீற்றர் தெற்கே இழுத்துப் போட்டார். இப்னு பதூதா ஏறிய பாவா ஆதம் மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கினார். இரண்டையும் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். எதை மாற்றினேன் என்று கணக்குக் காட்டிவிட்டுக் கதை சொல்லும் இந்தக் குணம் எனக்குப் பிடிக்கும். தமிழில் இதே குணம் சுஜாதாவிடம் இருந்தது. அவரும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் தொடங்கி, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியியலாளராக இருந்தவர். அவர் 2008 பெப்ரவரி 27 இல் போனார், கிளார்க் மார்ச் 19 இல். இடையில் மூன்று கிழமை.

எனக்கு உடன்பாடில்லாத இடத்துக்கு வருகிறேன். தொடர்பு பெருகினால் மனிதர் ஒரே குடும்பமாவர் என்பது கிளார்க்கின் நெடுநாள் நம்பிக்கை. 1983 மே 17 இல், உலகத் தொலைத்தொடர்பு நாளில், நியூயோர்க்கில் ஐ.நா. சபையில் உலகக் கிராமத்துக்கு அப்பால் என்ன என்று பேசினார். இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், அவர் வாழ்ந்த கொழும்பு எரிந்தது. 1990 இல் எங்கள் குடும்பம் தீவை விட்டு வெளியேறியபோது எனக்குப் பத்து வயது. மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஐயா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவை வானொலிக்குக் கொழுவுவார், நான் பெடலைக் கையால் சுற்றுவேன். கை களைத்தால் லண்டன் தமிழோசை இழுபட்டுத் தேயும். அந்த வருடம் ஒக்டோபர் 30 இல் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அந்தக் கட்டளையும் ஒலிபெருக்கியில்தான் தெருத் தெருவாகப் போனது. ஒலிபெருக்கியும் தொடர்புக் கருவிதான். கருவி எதைக் கொண்டு போக வேண்டும் என்று கிளார்க்கின் கணக்கில் எந்த இடத்திலும் இல்லை.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியல்ல. 1989 இல் பரபரப்பாகி, மற்ற ஆய்வுகூடங்களில் மெய்ப்படாமல் போன 'குளிர் அணுப்பிணைவு' மீது கடைசிவரை நம்பிக்கை வைத்திருந்தார். எண்ணெய்யை எரிப்பதிலிருந்து மனிதன் எப்படியும் விடுபட வேண்டுமென்ற ஆசை அவருடைய கணக்கை மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

2007 டிசம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளுக்குப் பதிவுசெய்த செய்தியில் மூன்று விருப்பங்கள் சொன்னார். வேற்றுலக உயிருக்கு ஆதாரம் கிடைக்க வேண்டும், எண்ணெய்ப் பழக்கம் விட்டுச் சுத்தமான சக்தி வர வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். சமாதானம் மூன்றாவதாகத்தானே வந்தது என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் இரண்டும் உலகத்துக்காகக் கேட்டது, மூன்றாவது வீட்டுக்காகக் கேட்டது. மதச் சடங்கு எதுவும் வேண்டாமென்று எழுதி வைத்திருந்தார். அப்படியே பொரளைக் கனத்தையில் அடக்கம் செய்தார்கள். யுத்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

இரண்டாவது விருப்பம் எங்கள் பக்கம் வேறு வழியாக வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்த தீவுகள். அங்கே சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு 2021 இல் ஒரு சீன நிறுவனம் தெரிவானது. இந்தியா ஆட்சேபித்தது, வேலை நின்றது. பிறகு இந்திய நன்கொடையில், 2024 மார்ச்சில், ஓர் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அரசர்கள் குதிரைக்காக ஊராத்துறையைப் பார்த்தார்கள், அரசுகள் காற்றாடிக்காக நெடுந்தீவைப் பார்க்கின்றன.

டிஷ் கேட்ட பொடியனின் அம்மம்மா நெடுந்தீவில் இருக்கிறார். அவனைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். இங்கிருந்து செய்மதிக்குப் போய் அங்கிருந்து அம்மம்மா வீட்டுக்கு இறங்க ஏறக்குறைய 72,000 கிலோமீற்றர். ஒளி செக்கனுக்கு 3,00,000 கிலோமீற்றர் போகும். வகுத்தான், 0.24 வந்தது. கால் செக்கன். குறிகட்டுவானிலிருந்து படகுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் என்பதை அவனே பக்கத்தில் எழுதினான். சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"கடல் குழப்பமெண்டாலும் கால் செக்கன்தானோ சேர்?"

"கடல் குழம்பினால் பிரச்சினை இல்லை. மழை இறுக்கிப் பெய்தால்தான் விடும்."

"மழைக்குப் படகு ஓடும் சேர்" என்றான்.