புக்கொளியூரில் புக்கொளிந்த ஞாயிறு



நம் ஊருக்குப் பழம்பெயர் திருப்புக்கொளியூர். இறைவன் ஆடிய அழற்கூத்தைக் கண்டு அஞ்சிய தேவர்கள் புகுந்து ஒளிந்த இடம் ஆதலின் இப்பெயர் வந்தது என்பது தலபுராணச் செய்தி. இன்று வழங்கும் அவிநாசி என்னும் பெயருக்கோ அழிவற்றது என்பது பொருள். ஒளிதல், அழியாமை என்னும் இவ்விரு பொருளும் ஒருங்கே மெய்யான காலைப்பொழுது ஒன்று இவ்வூரின் வரலாற்றில் உண்டு. முதலைவாய்ப் பிள்ளையின் வரலாற்றை ஆண்டுதோறும் விழாவிற் கேட்டு உருகும் நாம், பாம்பின் வாய்ப்பட்ட பகலவனின் வரலாற்றையும் இன்று சிறிது கேட்போம்.

அந்நாள் 1871 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. பிரசோற்பத்தி ஆண்டு, கார்த்திகைத் திங்கள் அமாவாசை. ஞாயிறு எழுந்து நெடும்பொழுது ஆகவில்லை. அரபிக் கடலினின்றும் எழுந்த திங்களின் நிழல் பேக்கல் கரையில் ஏறி, நீலமலையைக் கடந்து, கொங்கு நாட்டில் இறங்கி, நம் ஊரை மூடிப் புதுக்கோட்டை வழியே ஈழத்துக்குச் சென்றது. ஏறத்தாழ இரண்டு நிமிடம் பகல் இரவாயிற்று.

அக்காட்சியைக் காண அறிஞர் பலர் அந்நிழலின் வழியெங்கும் காத்திருந்தனர். பேக்கலில் இங்கிலாந்தின் லாக்யர் இருந்தார். நீலமலையில் சோலூரில் பிரான்சு நாட்டு ஜான்சென் இருந்தார். புதுக்கோட்டையில் இத்தாலியராகிய ரெஸ்பிகி இருந்தார். நம் அவிநாசிக்கு வந்தவர் சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைவராக இருந்த நார்மன் ராபர்ட் போக்சன். முழு மறைவின்போது ஞாயிற்றைச் சூழ்ந்து தோன்றும் வெண்ணிற ஒளிவட்டம் வெறுந்தோற்றமோ, மெய்ப்பொருளோ என்னும் ஐயம் அக்காலத்தில் இருந்தது. அது ஞாயிற்றுக்கே உரியது என்பதை அன்று சோலூரிற் கண்ட நிறமாலை வலியுறுத்திற்று.

இவ்வளவு அருமை அந்த இரண்டு நிமிடத்திற்கு எதனால் வந்தது? ஞாயிறு திங்களைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரிது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் உள்ளது. ஆதலின் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவினவாகத் தோன்றுகின்றன. எனினும் திங்களின் பாதை சுமார் ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் அமாவாசைதோறும் மறைவு நிகழ்வதில்லை. நிகழும்போதும் முழுநிழல் ஒரு குறுகிய நாடாவைப் போலவே நிலத்தில் விழுகின்றது. அந்த நாடா ஒரே ஊரின்மேல் மீண்டும் விழுவதற்குச் சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும் என்பது கணிதர் கணக்கு.

1980 பிப்ரவரி 16இல் முழுநிழல் கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்தது. நம் ஊருக்குப் பகுதி மறைவே கிட்டியது. 2019 டிசம்பர் 26இல், விகாரி ஆண்டு மார்கழி அமாவாசையன்று, திங்கள் சற்றுத் தொலைவில் நின்றதால் ஞாயிற்றை முழுதும் மூட இயலவில்லை. காலை ஒன்பதரை மணியளவில் ஏறத்தாழ மூன்று நிமிடம், பொன்வளையம் போன்ற கங்கண மறைவு நம் ஊர் வானில் நின்றது. 1871க்கும் அதற்கும் இடையே 148 ஆண்டுகள். இரண்டையும் கண்ட மானிடர் எவர் உளர்? கருவறையில் எழுந்தருளியிருக்கும் அவிநாசியப்பர் ஒருவரே அன்றோ!

இனி வருவதையும் கேண்மின். 2031 மே 21இல் கங்கண மறைவின் பாதை கொச்சி, மதுரை வழியே செல்லும். அன்று நமக்கு வளையம் கிட்டாது; பெரும்பகுதி மறைந்த பிறைஞாயிறே கிட்டும். வளையம் காண விரும்புவோர் மதுரைக்குச் சென்று அங்கயற்கண்ணியையும் வணங்கிவரலாம். முழு மறைவு காண வேண்டுவோர் 2034 மார்ச் 20இல் காசுமீரம் வரை செல்ல வேண்டும்.

இவற்றை முன்னறிதல் நமக்குப் புதிதன்று. 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் தரையிற் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை வாரன் என்னும் அதிகாரி வியந்து எழுதினார். எழுதிவைத்தலும் நமக்குப் புதிதன்று. திருவூறல் எனப்படும் தக்கோலத்துக் கோயிற் கல்வெட்டு ஒன்று, இராசகேசரியின் 24ஆம் ஆட்சியாண்டு ஆனித் திங்களில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தைக் குறிக்கின்றது. அது கி.பி. 894 ஜூன் 7 என்று கணித்த ஆய்வாளர், அதனைக் கொண்டே முதலாம் ஆதித்த சோழன் 871ஆம் ஆண்டளவில் முடிசூடினான் எனத் துணிந்தனர். கோயிற் சுவரில் ஒருவர் வெட்டிய ஒரு வரி, ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு பேரரசின் காலத்தையே விளக்கிற்று!

ஆனால் 1871இல் நம் ஊர் வானத்தைப் பற்றி நூல்களில் எழுதியவர் அயலார். அன்று உழவுக்குச் சென்றவரும் தாமரைக்குளத்தில் நீராடியவரும் கண்டதை இன்று யாரைக் கேட்போம்? 2019ஆம் ஆண்டுக் காட்சியைக் கண்டவர் இன்று நம்மிடையே உள்ளனர். அச்சத்தால் கதவடைத்து உள்ளிருந்தோரும் உள்ளனர். திருக்காப்பிடுதலும், விடுகாலத்து நீராடலும், நீத்தார் கடனும் நம் மரபு. காளத்தியிலோ திருக்காப்பிடாமலே வழிபாடு நிகழ்கின்றது, அதுவும் மரபே. எம்மரபும் வானை அறிவதைத் தடுக்கவில்லை. கண்ணுக்கு உரிய காப்புக் கண்ணாடி அணிந்து காண்பதும், கண்டதைக் கோயில் ஏட்டில் நாளும் நேரமும் குறித்து வைப்பதும் நம் கடமை. வீட்டுக்கு ஒருவர் இரண்டு வரி எழுதித் தந்தாலும் போதும். பின்வரும் பிள்ளைகளுக்கு அது செல்வமாகும்.

முதலை விழுங்கிய பிள்ளையை ஆண்டுகள் பல கழித்து, உரிய வளர்ச்சியோடு சுந்தரர் மீட்டுத் தந்த ஊர் இது. இருள் விழுங்கிய ஞாயிறு இரண்டே நிமிடத்தில் மீண்டது. மறதி விழுங்கியதை மீட்பதுதான் அரிது. அதற்கு நாம் இடங்கொடாதிருக்கக் கருணாம்பிகை உடனுறை அவிநாசியப்பர் திருவருள் துணை நிற்பதாக!

திருச்சிற்றம்பலம்.